நல்ல நேரத்தில் மூட்டிய பொய்லர்

பிக்கரிங் போகும் ரயிலில், கருவிப் பெட்டியை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

“நல்ல நேரம் பாத்ததாலைதான் அண்ணை அந்த அறை குளிருது.”

“என்னடாப்பா சொல்லுறாய்?”

“சுடுதண்ணியாலை வீட்டைச் சூடாக்கிற பொய்லர் நேற்றுப் பூட்டினனான். முதல்லை குழாய்க்குள்ளை நிக்கிற காத்தை வெளியிலை எடுக்கவேணும். வீட்டுக்கார அங்கிள் விடேல்லை. ஒன்பது மணிக்கு ராகுகாலம் துவங்குது, அதுக்கு முன்னம் மூட்டு எண்டார். மூட்டினன். எல்லா அறையும் நல்ல சூடு. காத்து மேலை போய் அடைச்சு, மேலறைக்கு மட்டும் சூடு ஏறேல்லை.”

“மேலறையிலை ஆர் படுக்கிறது?”

“அங்கிள்தான்.”

“ஐயோ, அப்ப கெதியாப் போய் அந்தக் காத்தை எடுத்துவிடன்.”

“இப்பதான் போன் எடுத்தனான். ரெண்டு கம்பளி போத்திக்கொண்டு இருக்கிறாராம். இண்டையான் ராகுகாலம் முடிஞ்சாப்பிறகு வரட்டாம்.”