இரவல் கொள்ளுத்தாத்தா

...நீங்களே சொல்லுங்க சார், நாலாங்கிளாஸ் புள்ளைக்கு எதுக்கு பாரம்பரியம்? மூக்கை ஒழுங்கா சிந்தத் தெரியாது, பாரம்பரியமாம்! கட்டுரைப் போட்டியாம்! "எங்கள் குடும்பத்தின் பாரம்பரியம்", ரெண்டு பக்கத்துக்கு மிகாம... அட, நிக்காதீங்க சார், உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒட்டின கால் இன்னும் காயல. இதுல உக்காருங்க. மேஜையை நல்லா தடவிப் பாருங்க, தடவுறதுக்கு காசு கேக்க மாட்டேன். ஆறு பேர் தாராளமா சாப்பிடலாம். நீங்க ரெண்டு பேர்தானா? இருக்கட்டுமே, நாளைக்கே நாலு பேர் ஆகமாட்டீங்களா! ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். காலையில ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு. சாயங்காலம் வண்டியோட வர்றேன்னிருக்காரு. நீங்க முந்திக்கிட்டா உங்களுக்கு. எனக்கென்ன, எல்லாரும் ஒண்ணுதான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பாரம்பரியம்!

வெறும் கட்டுரைன்னா கூடப் பரவாயில்ல. வீட்லேர்ந்து பரம்பரைப் பொருள் ஒண்ணு எடுத்துட்டு வரணுமாம். அதை மேடையில ஸ்டூல் மேல வெச்சிட்டு, பக்கத்துல நின்னு படிக்கணுமாம். எங்க பாப்பா வந்து கேக்கறா, "அம்மா, நம்ம வீட்ல ரொம்பப் பழைய சாமான் எது?"ன்னு. கேக்கற இடத்தைப் பாருங்க! பழைய சாமான் கடையில நின்னுக்கிட்டு கேக்கறா! "கண்ணைத் திறந்து பாருடி, உங்கப்பாவைத் தவிர இங்க எல்லாமே பழசுதான்"னேன். அதுக்கு அவ, "இதெல்லாம் அடுத்தவங்க பழசும்மா. நம்ம பழசு எது?"ங்கறா.

நம்ம பழசு! எனக்கு ஏது சார் பழசு? எங்கப்பா விட்டுட்டுப் போனது ஒரு இருமல். எங்கம்மா விட்டுட்டுப் போனது என்னை. பத்து வயசுல வீடு காலி பண்றவங்க வாசல்ல போய் நிப்பேன், உடைஞ்ச நாற்காலி இருந்தா குடுங்கன்னு. மூணு கால் நாற்காலிக்கு நாலாவது கால் வெச்சு, அதை வித்து, அடுத்ததுக்குக் கால் வாங்கி... இந்தக் கடை பூரா அப்படிச் சேர்ந்ததுதான். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், நாற்காலிக்குக் கால் வெக்க வந்தாரு, இங்கேயே தங்கிட்டாரு. பின்னாடி உப்புத்தாள் தேய்க்கற சத்தம் கேக்குதில்ல? அவர்தான். வாயே திறக்க மாட்டாரு. அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிடறேன்.

சரி, புள்ளை மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு நிக்குதேன்னு, கடையில இருந்ததுலயே லட்சணமா ஒரு பெட்டியை எடுத்துக் குடுத்தேன். எழுதறதுக்கு வெச்சிக்கிற பெட்டி. மூடியைத் திறந்தா உள்ளே கண்ணாடி, நாலு மூலைக்கும் பித்தளை, அடியில ஒரு சின்ன டிராயர். வந்து ரெண்டு மாசம்தான். யாரோ வீடு மாத்தறவரு, மொத்தமா ஏத்திவிட்டது.

பெட்டி ஆச்சு. பெட்டிக்குத் தகுந்த தாத்தா வேணாமா? அதையும் நானே பண்ணினேன். கப்பல் டாக்டர்! என்னோட சொந்தக் கொள்ளுத்தாத்தா! நடுக்கடல், புயல், கப்பல் இப்படி ஆடுது, அப்படி ஆடுது... தாத்தா இந்தப் பெட்டியைத் திறந்து மருந்து எடுத்து, சாகக் கிடக்கற மாலுமி வாயில ஊத்தறாரு. "எழுதற பெட்டியில மருந்து எப்படிம்மா வந்துச்சு?"ன்னு பாப்பா கேட்டா. வக்கீலுக்குப் பொறந்தது மாதிரிதான் கேப்பா. "கப்பல்ல இடம் கம்மிடி, ரெண்டையும் ஒண்ணுலதான் வெப்பாங்க"ன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த மனுஷன் மேல பாசம் வந்துடுச்சு சார். சாகடிக்க மனசே வரல. தொண்ணூறு வயசு வரைக்கும் உசுரோட வெச்சிருந்தேன்!

போட்டி அன்னிக்கு ஹால் நிறைய கூட்டம். நான் மூணாவது வரிசை. ஒருத்தி ஓடாத கடிகாரம் கொண்டாந்தா, ஒருத்தன் விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடி. எல்லாத்துக்கும் மனசுக்குள்ள விலை போட்டுக்கிட்டே வந்தேன். ஒண்ணும் தேறாது. எங்க பெட்டி மேடைக்கு வந்துச்சு பாருங்க, கூட்டமே எட்டி எட்டிப் பார்த்துச்சு. பாப்பா படிக்கறா, புயல் அடிக்குது, மாலுமி பொழைக்கறான்... கை தட்டல்னா அப்படி ஒரு கை தட்டல்!

அப்போ நடுவர் எந்திரிச்சு வந்தாரு. ரிட்டயர்டு வக்கீல், வழுக்கைத் தலை. நேரா பெட்டிகிட்ட போனாரு. கீழ் டிராயரை உருவினாரு. கவுத்தாரு. அடிப்பக்கம் கோணல் மாணலா ஒரு பேரு கீறியிருக்கு. யார் பேருங்கறீங்க? அவர் பேரு! ஏழு வயசுல ஆணியால கீறிட்டு அவங்கப்பாகிட்ட அடி வாங்கினாராம்! அந்த வீடு மாத்தினவன் இருக்கான் பாருங்க, அவன் இவரோட மகன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வித்திருக்கான், படுபாவி!

அவர் சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், சரிக்குச் சரி முடிஞ்சிருக்கும். போடல சார். குனிஞ்சு பாப்பாகிட்ட மெதுவா, "உங்க கொள்ளுத்தாத்தா பேர் என்னம்மா?"ன்னு கேட்டாரு.

கப்பலுக்குக்கூடப் பேர் வெச்சேன் சார். தாத்தாவுக்கு வெக்க மறந்துட்டேன்!

பாப்பா என்னைப் பார்க்கறா. அவளைப் பார்த்து ஹாலே என்னைப் பார்க்குது. அப்பவாவது நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். முடியலையே! பொருளுக்குச் சொந்தக்காரரே எதிர்ல நிக்கறாரு. கண்ணு கலங்குது. பெட்டியைத் தடவுறாரு, கையை எடுக்கவே மாட்டேங்கறாரு. இத்தனை வருஷத் தொழில்ல இப்படி ஒரு கஸ்டமரை நான் கண்டதில்ல. என்னை அறியாம எந்திரிச்சு... விலையைச் சொல்லிட்டேன். மூணாவது வரிசையிலேர்ந்து. கத்தி. "உங்களுக்குங்கறதால கொறைச்சுத் தர்றேன்"னு வேற.

சிரிக்காதீங்க சார். அங்கேயும் அப்படித்தான் சிரிச்சாங்க. என் மானம் கப்பலேறிப் போச்சு, அந்த டாக்டரோடயே. பாப்பா கட்டுரையை நாலா மடிச்சா, மேடையை விட்டு இறங்கினா, என்னைத் தாண்டி நடந்து வீட்டுக்குப் போயிட்டா.

இன்னியோட நாலு நாளாச்சு. என்கிட்ட பேச்சு இல்ல. எல்லாம் சீட்டு! "நானே ஜடை போட்டுக் கொள்வேன்." "பென்சில் தீர்ந்துவிட்டது." புள்ளி கமா எல்லாம் வெச்சு எழுதறா சார், அதான் வயித்தெரிச்சல். நான் ஒரு மணி நேரம் கத்தினா ஒரு வரியில பதில். அவங்கப்பாகிட்ட மட்டும் பின்னாடி போய் குசுகுசுன்னு பேச்சு. அந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வரும்ங்கறதே எனக்கு நேத்துதான் தெரியும்.

தப்பு யார் மேல, சொல்லுங்க. ஸ்கூல் மேல. இல்லாதவ வீட்ல பரம்பரைப் பொருள் கேக்கலாமா? அந்த மகன் மேல. அந்த வக்கீல் மேல, ஊரான் டிராயரை உருவலாமா? என்ன? என் மேலயா? தலையாட்டின மாதிரி இருந்துச்சு... ஆட்டலையா, சரி சரி.

பெட்டியா? குடுத்தாச்சு. மறுநாள் காலையிலயே தூக்கிட்டுப் போய் அந்த வக்கீல் வாசல்ல வெச்சு, மணியை அடிச்சுட்டு ஓடியாந்துட்டேன். சும்மாதான். இதை வெளியில சொல்லிடாதீங்க, தொழில் படுத்துடும்.

அதோட விட்டாரா? நேரா ஸ்கூலுக்குப் போய், "அந்தப் பொண்ணுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க"ன்னு உக்காந்துட்டாராம். அங்க பாப்பாவோட கிளாஸ் டீச்சர் என்னைப் போட்டுக் குடுத்துட்டாங்க. என்னன்னு... ம். சரி. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ஊருக்குப் புதுசு, யாரையும் தெரியாது. தம்பின்னு கூப்பிட்டா கோச்சிக்க மாட்டீங்களே?

பாப்பா முதல்ல வேற ஒண்ணு எழுதியிருந்தா தம்பி. தானா. கப்பலும் கிடையாது, டாக்டரும் கிடையாது. "இதுதான் வகுப்பிலேயே சிறந்தது"ன்னு டீச்சர் சிவப்பு மையில எழுதிக் குடுத்து, பெத்தவங்க கையெழுத்து வாங்கிட்டு வான்னாங்க. "பொருள் எங்கேடி?"ன்னு நான் கேட்டேன். "நீ வந்து ஸ்டூல் பக்கத்துல நின்னா போதும்மா"ன்னா. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ரெண்டாவது பத்தியோட நிறுத்திட்டேன். இதைப் படிச்சா மறுநாள் கடையை இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான்! தூக்கி டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். இதெல்லாம் ஜெயிக்காதுடின்னு சொல்லிட்டு, கப்பலை விட்டது நான்தான்.

இதோ, சாவி என்கிட்டதானே இருக்கு. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, இதைப் போய் ஊர் முன்னாடி படிக்கலாமான்னு.

"எங்கள் வீட்டில் பழைய பொருள் எதுவும் நிற்காது. வந்தால் அம்மா விற்றுவிடுவார். எங்கள் குடும்பத்தின் பாரம்பரியம் பேரம்." ஆரம்பத்தைப் பார்த்தீங்களா! "வாங்கப் போனால் அம்மா வேண்டிய பொருளைப் பார்க்கவே மாட்டார். பக்கத்துப் பொருளின் விலையைக் கேட்பார். பிறகு காலைத் தட்டி, கரையான் என்பார். கரையான் இருக்காது. வண்டி வாடகைக்கே கட்டாது என்பார். வண்டி எங்களுடையது."

முப்பது வருஷ ரகசியம் தம்பி! நாலு வரியில! இன்னும் கேளுங்க. "விற்கும்போது, காலையில் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார் என்பார். யாரும் கேட்டிருக்க..." ம்ஹும். அது... அது வேற மேஜையைப் பத்தி. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும். "எடுத்துக்காட்டாக, கடை வாசலில் உள்ள ஆறு பேர் மேஜையை அம்மா வாங்கிய விலை..." போதும். அதுக்கு மேல கையெழுத்து சரியில்ல. எட்டிப் பார்க்காதீங்க! உக்காருங்க தம்பி, உக்காருங்க. பார்த்துட்டீங்களா? பார்த்துட்டீங்க. மூஞ்சியே சொல்லுது.

கடைசியை மட்டும் கேட்டுட்டுப் போங்க. இதை நான் அன்னிக்குப் படிக்கவே இல்ல, ரெண்டாவது பத்தியோட பூட்டினதுதான். இன்னிக்குக் காலையிலதான் எடுத்துப் படிச்சேன். "அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா எனக்குச் சொல்லித் தருகிறார். ஆகவே எங்கள் பாரம்பரியத்தில் அம்மா முதல் தலைமுறை. நான் இரண்டாவது."

தலைமுறையாம்! ஒம்பது வயசு, உயரம் இந்த மேஜை அளவு, இரண்டாவது தலைமுறையாம்...

நமக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையேன்னு நான் கப்பல் கட்டிட்டிருந்தேன் தம்பி. அவ என்னடான்னா என்னை முதல்ல நிறுத்தி வெச்சு எண்ண ஆரம்பிச்சிருக்கா.

இன்னிக்கு நாலு மணிக்குப் படிக்கணும். நடுவரெல்லாம் வர்றாங்க. இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டாத்தான் மேடை ஏத்துவாங்களாம். போன தடவை மாதிரி ஆயிடக்கூடாதுன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு. காலையிலேர்ந்து கையெழுத்துப் போடாம வெச்சிருக்கேன். போட்டா தொழில் ரகசியம் ஊர் சிரிக்கும். போடலைன்னா, காலத்துக்கும் சீட்டு.

அந்த மேஜை வரியை மட்டும் அடிச்சுட்டுப் போடலாமான்னு பார்த்தேன். அது முடியாது. காலையில ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு மனப்பாடம் பண்ணிட்டிருந்தா, நான் வெளியே நின்னு கேட்டேன். அந்த வரி வரும்போதுதான் குரலை உசத்தறா கழுதை.

பேனா இருக்கா தம்பி? குடுங்க... மேஜையிலயே வெச்சுப் போட்டுடறேன். ம்... இருங்க, என் பேரே எனக்கு மறந்துடும் போல... ஆச்சு. போட்டாச்சு!

மணி என்ன? மூணே காலா! எந்திரிங்க, எந்திரிங்க, கடையைச் சாத்தணும். மேஜையா? எந்த விலைக்கு? அவ எழுதின விலைக்கா! அடப்பாவி... சரி, வண்டி வாடகை மட்டும் மேல போட்டுக் குடுங்க. தெரியும் தெரியும், வண்டி எங்களுதுதான். காலையில வாங்க, பேசிக்கலாம்.

ஏங்க! உப்புத்தாளைக் கீழ போட்டுட்டுச் சட்டையை மாத்துங்க! ஸ்கூலுக்கு! ஆமா, போட்டுட்டேன்! என்ன, சீட்டா? பாப்பா குடுத்துட்டுப் போனாளா? காலையிலயே வாங்கி வெச்சுக்கிட்டு இப்போ குடுக்கறீங்களே! என்ன எழுதியிருக்கு... "கையெழுத்துப் போட்டால் நீயும் மேடைக்கு வர வேண்டும். நான் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது."

பார்த்தீங்களா தம்பி, நிபந்தனையை! ரெண்டு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அஞ்சு நிமிஷமா? அய்யய்யோ, அஞ்சா! மூணுல முடிக்க முடியாதா... சரி, மூணரை... நாலுன்னு வெச்சுக்குங்க...

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? சரி. அஞ்சுன்னா அஞ்சு. கொறைக்கச் சொல்லிக் கேக்கல. வாங்க, போலாம்.