முந்திட்டீங்கள், மச்சான்

கட்டுக்கம்பி வாங்க வருகிறவன் முதலில் வாளி என்ன விலை என்றுதான் கேட்பான், சேர். வாளியைத் தட்டிப் பார்ப்பான், குறை சொல்வான், கீழே வைப்பான். பிறகு போகிற போக்கில், தனக்குத் தேவையே இல்லாததைப் போல, உந்தக் கம்பி எப்படி என்பான். ஹாட்வெயார் கடையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதுதான் அரிச்சுவடி. அதனால்தான் நேற்று நீங்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பேனாவை மூடி, கதிரையை விட்டு எழும்புகிற நேரத்தில், "முன்னுக்குப் போன நீங்கள் எப்படித் தப்பினீங்கள்?" என்று கேட்டபோது, நீங்கள் வாங்க வந்த சாமான் எது என்று எனக்கு விளங்கிவிட்டது.

சும்மா கேட்டிருக்கவும் கூடும். ஆனால் இவ்வளவு நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மற்ற எல்லோரும் கடவுள் காப்பாற்றினார் என்று தாங்களே சொல்லிவிட்டுப் போனார்கள். கடவுளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

சொல்கிறேன், ஆறுதலாகக் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் எங்கள் லொறிச் சாரதி தாஹிரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பலாம். அவனுடைய பெண்சாதி கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்து உங்கள் பொலிஸ் வாசலில் குந்தியிருக்கிறாள். உள்ளே வரும்போது அவள் எனக்கு எழும்பி இடம் விட்டாள்.

செத்துப்போன நிருபன் என் தங்கை சிவாஜினியின் புருஷன். குச்சவெளிப் பெடியன். பஸ் நிலையத்தடியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். கலியாணத்துக்குப் பிறகு அப்பா அவனை எங்கள் கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அப்பா ஆட்களை விலை கொடுத்து வாங்குவதில்லை. சிரித்துச் சிரித்தே எடுத்துவிடுவார். நிருபன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனில் குற்றம் சொல்ல நான் வரவில்லை.

அவனோடு ரீவியில் பூட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியும் கடைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் எங்கள் வீதியில் பாதிக் கடைகள் சாத்திவிடும், ஆள் நடமாட்டம் இராது. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் பின் ஸ்டோரில் சீமெந்து மூட்டைகளின் மேல் ஏறியிருந்து விளையாடுவோம். சண்டைக் கேம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவன் விழும்வரை அடிபடுவது. தலை நரைக்கத் தொடங்கின வயதில் இது தேவையா என்று அப்பா கேட்டார். எனக்கு அது புது விளையாட்டாகத் தெரியவில்லை. எதிரில் நிற்கிறவன் என்ன செய்யப்போகிறான் என்பது அவனுக்குத் தெரிய முன்னம் நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நான் கடையின் முன் கதிரையில் இருந்து விலை பேசி நாள் முழுக்கச் செய்வதும் அதைத்தானே.

ஆனால் தோற்றேன். தோற்றுக்கொண்டே இருந்தேன்.

அடி வந்தால் தடுப்பேன், இல்லாவிட்டால் பின்னுக்குப் போவேன். பின்னுக்குப் போகிறவன் கடைசியில் சுவரில் முட்டுவான், பக்கத்துக்கு விலகப் பழகுங்கோ என்றான் நிருபன். பொத்தானில் மெல்ல ஒரு தட்டு. ஆள் ஓர் அடி பக்கத்துக்கு நகர்வான். வந்த அடி காற்றில் போகும். அடித்தவன் விலாவைக் காட்டிக்கொண்டு வெறுமையாக நிற்பான். கேட்க லேசு. நேரம் பிடிபடுவதுதான் கஷ்டம். அடி புறப்பட முன்னம் விலகினால் அடிக்கிறவனும் உங்களோடு சேர்ந்து திரும்புவான், அடி நீங்கள் விலகின இடத்துக்கே வந்து விழும். பிந்தினால் சொல்லத் தேவையில்லை. அவன் கை நீண்டுவிட்டது, இனி இழுக்கவும் ஏலாது திருப்பவும் ஏலாது என்ற ஒரு நொடி இருக்கிறது. விலகுவதென்றால் அந்த நொடியில் விலக வேண்டும்.

நான் எப்போதும் முந்துவேன்.

"முந்திட்டீங்கள், மச்சான்," என்பான். நக்கல் இல்லை. மழை வருகுது என்று சொல்கிற மாதிரித்தான் சொல்வான். "பெரிய அடியள்தான் லேசு. அதுகள் சொல்லிப்போட்டுத்தான் வரும். நீங்கள் அதுக்கும் பயந்து முந்துறீங்கள்."

நான் விலகப்போவது உனக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். ரீவியைப் பார்த்தா கண்டுபிடிக்கிறாய்?

"ரீவியை ஏன் பாக்கோணும்? விலக முன்னம் நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீங்கள். பக்கத்தில இருக்கிற எனக்குக் கேக்குதுதானே."

அந்தக் கதை அந்த ஸ்டோருக்குள்ளேயே நின்றிருந்தால் நாங்கள் இன்றைக்கும் சீமெந்து மூட்டையில் இருந்திருப்போம். எங்களுக்குத் தகரமும் கம்பியும் தருகிற மொத்த வியாபாரி ஸெய்னுதீன் நானா ஒருநாள் கடைக்கு வந்திருந்தார். நானும் அவரும் விலையில் இழுபட்டுக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்த்து அந்த வீதியில் ஒருவரும் ஒன்றும் கண்டுபிடித்ததில்லை. அது எனக்கு இருந்த ஒரே சொத்து. நிருபன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பகிடிக்குத்தான், "நானா, மச்சான் மூச்சைப் பிடிச்சிட்டார். இப்ப ஓமெண்டுவார் பாருங்கோ," என்றான்.

நான் ஓம் சொல்ல இருந்தது உண்மை. நானா வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். என்னுடைய சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

எங்கள் வீதி சின்னது, சேர். அதற்குப் பிறகு ஒரு பேணி பெயின்ட் வாங்க வந்தவன்கூட என் வாயைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தான். நான் மூச்சைப் பிடிக்கும்வரை பொறுத்திருந்தான். கொஞ்ச நாளில் அப்பா சொல்லிவிட்டார்: தைப்பொங்கலோடு முன் கதிரையில் நிருபன் இருக்கட்டும், நீ கந்தளாய் ஸ்டோரைப் போய்ப் பார். முன் கதிரை என்றால் வாசலைப் பார்த்த கதிரை. அதில் இருக்கிறவன்தான் விலை பேசுவான். மற்றவர்கள் சாமான் எடுத்துக் கொடுப்பார்கள். அப்பப்பா இருந்தார், அப்பா இருந்தார், நான் இருந்தேன். கந்தளாயைக் குறை சொல்லவில்லை. குளமும் வயலுமாக நல்ல ஊர். ஆனால் எங்கள் ஸ்டோருக்கு வருகிற ஆட்கள் சொன்ன விலையைத் தந்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை தெரியாது.

நிருபனுக்கு இதில் சந்தோசம் இல்லை. எனக்கு வேண்டாம் மாமா, மச்சானே இருக்கட்டும் என்று அப்பாவிடம் கேட்டானாம். சிவாஜினிதான் வந்து சொன்னாள். எனக்கு அதுதான் கூடச் சுட்டது.

நான் மூச்சைப் பழக்கத் தொடங்கினேன். கோணேசர் கோவிலுக்கு ஏறும்போதும், பின்னேரத்தில் கடற்கரையில் கூட்டமாகத் திரிகிற ஊர் மான்களுக்கு நடுவே நடக்கும்போதும், சாப்பாட்டில் இருக்கும்போதும் ஒரே சீராக இழுத்து விட்டேன். மூச்சு சரிவந்தது. நேரம் மட்டும் சரிவரவில்லை. கடைசி வெள்ளிக்கிழமையும் அவன் அதையேதான் சொன்னான். முந்திட்டீங்கள், மச்சான்.

நிலாவெளியில் ஹோட்டல் கட்டப்போகிற கொன்ட்ராக்டர் ஒருவரின் வீடு ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறது. அதற்குச் சாமான் கொடுக்கிற வேலையை எங்கள் கடைக்குப் பேசி எடுக்க, நிருபன் செத்த அன்றைக்கு நாங்கள் இருவரும் போனோம். அந்த வீட்டுக்கு ஏறுகிற ஒழுங்கையின் உச்சியில் வேறொரு வீட்டுக்குக் கம்பி இறக்கத் தாஹிர் லொறியோடு முன்னமே போயிருந்தான். புறப்படும்போது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நிருபன் கதைக்கட்டும். நீ மூச்சு விடாத." அவருக்கும் பகிடி பிடிக்கும்.

மழை விட்ட மத்தியானம். மோட்டார் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடந்தோம். ஒழுங்கை நல்ல ஏற்றம், இரண்டு பக்கமும் ஆளுயர மதில். ஒரு லொறி வந்தால் மற்றவனுக்கு இடமில்லை. நான் முன்னே. நிருபன் காதில் வயரை மாட்டிக்கொண்டு, யாரோ இரண்டு பேர் அந்தக் கேமை விளையாடுவதைப் போனில் பார்த்தபடி என் முதுகோடு ஒட்டி வந்தான். கடைத்தெருவிலும் அவன் வருவது அப்படித்தான். எங்கேயாவது விழப்போகிறாய் என்று நான் பேசினால், "நீங்கள் முன்னுக்குப் போகேக்க நான் ஏன் மச்சான் ரோட்டைப் பாக்கோணும்?" என்பான்.

மேலே எங்கள் லொறி எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கம்பிகள் பின் கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் சிவப்புத் துணி. அந்த லொறியின் கை பிரேக் எப்போதோ செத்துவிட்டது. அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் தாஹிர் சில்லுக்குக் கல் வைக்காமல் இறங்கமாட்டான். அன்றைக்கும் வைத்தான், நான் கண்டேன். வைத்துவிட்டு எங்கே இறக்குவது என்று கேட்க வீட்டுக்குள் போனான்.

முதலில் அந்தச் சிவப்புத் துணி அசைந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், மழைத் தண்ணீர் ஓடிய தாரில் கல் வழுக்கி ஓரத்துக்குப் போயிருந்தது. துணி பெரிதாகிக்கொண்டு வந்தது.

சத்தம் போட நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. பேரம் பேசவே நேரம் இருந்தது.

இடது பக்கத்தில் ஒரு வீட்டு கேற் மதிலிலிருந்து உள்வாங்கி இருந்தது. அதற்கு நேரே வரும்வரை நடந்தேன். நடையைக் குறைத்தேன். பின்னால் செருப்புச் சத்தமும் குறைந்தது. போனுக்குக் கீழே தெரிகிற என் குதிகாலை வைத்து நடக்கிறவன்தானே. மூச்சைப் பிடிக்கவில்லை. இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். கம்பி நுனியில் மழைத்துளி தொங்குவது தெரிந்தது. அப்போது விலகினேன். சிவப்புத் துணி என் சேட்டுக் கையைத் தடவிக்கொண்டு போனது.

நிருபன் நிமிர்ந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. போன் மட்டும் உடையாமல் கிடந்தது. அதில் அந்த இரண்டு பேரும் இன்னும் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

முந்தினால் அடி கூடவே திரும்பும், அதனால் பொறுக்க வேண்டும் என்று சற்று முன் சொன்னேன். லொறி திரும்புமா என்று நீங்கள் கேட்க வேண்டிய இடம் இது. திரும்பாது. அது நேரே வரும். கல் வழுக்கின உடனேயே நான் விலகியிருக்கலாம், அவனையும் இழுத்துக்கொண்டு. அந்த கேற்றடியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. செத்த வீடு முடிந்து போய்ப் பார்த்தேன், மூன்று பேர் நிற்கலாம். நான் பொறுத்தது லொறிக்காக இல்லை. முந்தினால் என் முதுகு விலகும். முதுகு விலகினால் அவன் நிமிர்ந்து பார்ப்பான்.

நீங்களாவது தப்பினீங்களே அண்ணா என்று சிவாஜினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கந்தளாய்க் கதையை எடுக்கவே இல்லை. முன் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன். ஓர்ஸ் ஹில் கொன்ட்ராக்டர் தானே கடைக்கு வந்து, நான் சொன்ன விலைக்கு ஓம் என்றுவிட்டுப் போனார். ஸெய்னுதீன் நானாவும் அப்படித்தான். துக்கக்காரனோடு யார் பேரம் பேசுவார்கள்? என் நெஞ்சை ஒருவரும் பார்ப்பதில்லை. நிலத்தைப் பார்த்துக் காசைத் தருகிறார்கள். நான் கந்தளாய்க்கே போயிருக்கலாம்.

நேற்று நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் நெஞ்சைப் பார்த்தீர்கள். அதனால்தான் வந்தேன்.

இனி எழுதுங்கள். கல்லை வைத்தது தாஹிர், அதை வழுக்கப் பண்ணினது மழை, நிருபனைக் கொன்றது நான், இரத்தினசிங்கம் மகன் இராகுலன். நான் அவனைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. ஓர் அடி பக்கத்துக்கு வைத்தேன்.

அவனுக்கு என்மேல் கோபம் இராது என்றுதான் நினைக்கிறேன். விளையாட்டில் நீதியான ஆள். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒரு தடவையாவது சரி மச்சான் என்று அவன் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.