எட்டு மணிக்குள் எடுக்க வேண்டிய நடுப்பகுதி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையிலுள்ள பெரியவர்களே, வேலை உடுப்போடு நேரே வந்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! வானம் பார்ப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையிலும், ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறவன் என்ற முறையிலும் உங்களை வணங்குகிறேன். நம் 'மூடி' அண்ணன் போய் இருபது நாள் ஆகிறது. இன்னும் நம்ப முடியவில்லை.

நாற்பது கட்டடங்களின் லிஃப்டைப் பழுது பார்த்தவர் அவர். லிஃப்ட் நின்றால் ஜனங்கள் தேடுவார்கள். மேகம் கலைந்தால் நாங்கள் தேடுவோம். அவருக்கு ஏன் 'மூடி' என்று பேர் வந்தது? ஒருமுறை மூன்று மணி நேரம் பனியில் நடுங்கிக்கொண்டே ஓரியன் நெபுலாவைப் படம் எடுத்தார். டெலஸ்கோப்பின் மூடியைக் கழற்றவே இல்லை! வேறொருவராக இருந்தால் வெளியே மூச்சு விட்டிருப்பாரா? அண்ணனோ மறுநாள் தானாகவே வந்து, "இருட்டை நம்ம அளவுக்குத் துல்லியமா யாரும் எடுத்ததில்லப்பா" என்றார்.

அந்த நெபுலாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பேர்தான் தெரிந்திருக்காது. குளிர்கால வானத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம்; அதை ஒட்டி மங்கலாக ஒரு திட்டு. வாயுவும் தூசியும் திரண்டு புது நட்சத்திரங்கள் பிறக்கிற இடம். ஐந்து குளிர்காலம் அதையே எடுத்தார். ஒவ்வொரு படமும் ஐந்து நிமிடம். அப்படி நானூறு தேறின. கொஞ்சம் ஆடியிருந்தாலும் ஈவு இரக்கமில்லாமல் தூக்கி எறிவார். ஜனவரியில், "ஓரமெல்லாம் வந்தாச்சு, நடுவுதான் பாக்கி" என்றார்.

நடு ஏன் பாக்கி? அங்கே வெளிச்சம் அதிகம். ஐந்து நிமிடம் எடுத்தால் வெறும் வெள்ளையாகிவிடும். பத்துப் பத்து விநாடியாகத் தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும். அரை மணி நேர வேலை! அன்றைக்கே எடுக்கக் கிளம்பியவரைத் தடுத்தது யார்? நான்தான்! "அது எங்கண்ணே ஓடிப்போகுது? ஓரத்தை இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க, நடுவைக் கடைசியில பாத்துக்கலாம்" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

அடுத்த வாரமே நெஞ்சு வலி. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைத்தவர் வீட்டில் லிஃப்ட் இல்லை. டெலஸ்கோப் நிற்கும் மொட்டை மாடிக்கு மூன்று மாடி ஏற டாக்டர் விடவில்லை. நான் எடுக்கிறேன் என்றதற்கு, "பொறுடா, என் கையால முடிக்கிறேன்" என்றார். கடைசியாக ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிரசவ அறையை விட்டுட்டு வராந்தாவை மட்டும் படம் எடுத்திருக்கோமேடா!" நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அந்த டெலஸ்கோப் அவர் நிறுத்திய கோணத்திலேயே தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அண்ணி அதைச் சுற்றித்தான் துணி காயப்போடுகிறார். யாரையும் தொட விடவில்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் போகிறார். இந்தக் கூட்டத்தில் என்ன பேசட்டும் என்று நேற்று கேட்டேன். "பேசுறது இருக்கட்டும் தம்பி. நாளைக்கு வானம் தெளிஞ்சா அந்த நடுவை எடுத்துக் குடுங்க. அவர் அதைத்தான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தார்" என்றார்.

மூன்று வாரமாக மேகம். இன்று வானம் தெளிந்திருக்கிறது! எட்டு மணிக்கு நெபுலா எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிடும். நாளைக்கு நான்கு நிமிடம் முன்பே போகும். அடுத்த வாரம் அந்தி வெளிச்சத்திலேயே கரைந்துவிடும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சூளுரைக்க வேண்டும். தலைவர் அவர்களே, பட்டியலில் எனக்குப் பின் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள், என்னை மன்னியுங்கள். மணி ஏழு. அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான் கிளம்புகிறேன். வருகிறவர்கள் வாருங்கள், டார்ச் மட்டும் அடிக்காதீர்கள்.

அண்ணி, எழுந்திருங்க. பொத்தானை நீங்கதான் அழுத்தணும்.