பதினாறு கற்களும் ஒரு துடைப்பமும்: டொரீன் ஹலுஷ்கா அவர்களின் பணிநிறைவு மடல்

பனியைப் பளிங்காக்கிய பெருமாட்டியே! பளு சுமந்த தோளும், பதறாத கையும், பட்டதைப் பட்டதென்றே சொல்லும் வாயும் படைத்த டொரீன் ஹலுஷ்கா அவர்களே! நாற்பத்தோர் ஆண்டுகள் எங்கள் ஹார்ட்வெல் கர்லிங் கழகத்தின் பனித்தளத்தைக் காத்து இன்று ஓய்வு பெறும் உங்களை, ஊரே திரண்டிருக்கும் இந்தக் கொட்டகையில் வாழ்த்தி வணங்குகிறோம்!

கழகம் பிறந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டின் குளிர்காலத்தை இங்கிருப்போரில் பாதிப்பேர் கண்டதில்லை. பழைய கோதுமைக் கிடங்கின் பலகைகளைப் பிரித்துவந்து கொட்டகை போட்டோம். ஊர்க் கிணற்று நீரை ஊற்றித் தளத்தை உறையவைத்தோம். அந்தக் கிணற்றின் உவர்ப்பு நம் சஸ்காட்சுவான் மாகாணம் முழுதும் பேர்போனது. அது பனிக்கு ஆகாது என்று மட்டும் எங்களில் ஒரு மேதைக்கும் தோன்றவில்லை! தளத்தின் மறுகோடி வட்டம்வரை வழுக்கிப் போக வேண்டிய கல், முதல் நாள் தள்ளியதும் பாதி வழியில் படுத்துக்கொண்டது. "இந்தத் தண்ணியில காப்பி போட்டாலே வாயில வைக்க முடியல, இதுல ஐஸ் போட்டீங்களாக்கும்" என்றீர்கள். சொன்னதோடு நில்லாமல் தளத்தை முழுக்கச் சுரண்டியெறிந்து, வெளியே குவிந்த வெண்பனியை அள்ளிவந்து பீப்பாய் அடுப்பில் உருக்கி, கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் புதுத்தளம் கண்டீர்கள். அதன்மேல் பின்னோக்கி நடந்து நீங்கள் தெளித்த நீர்த்துளிகள் அரிசி அரிசியாய் உறைய, கல் வழுக்கிக்கொண்டு போன அழகே அழகு!

ஆனால் கற்கள் எங்களுடையவை அல்ல. பக்கத்து மாக்லோ ஊரார் பதினாறு கருங்கற்களை இரவல் தந்திருந்தனர். மார்ச் மாதப் போட்டியில் நாம் வென்றால் அவை நமக்கே. தோற்றால் மறுநாளே திருப்பித் தந்துவிட வேண்டும்.

அந்தப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் நம் கடைசிக் கல் வட்டத்தின் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது வேகம் குறையாமல் வழுக்க, அதன் முன்னே பனியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடியவர்கள் இருவர்: நீங்களும், இன்றைய தலைவர் மெர்வின் புடோவ்ஸ்கியும். கல் நடுவில் போய் நின்றது, வென்றோம் என்று கொட்டகை அதிர்ந்தது. அப்போது நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"துடைப்பம் பட்டுடுச்சு. கல்லை எடுத்துடுங்க."

நடுவர் பார்க்கவில்லை, எதிரணியும் பார்க்கவில்லை. ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால் அந்தக் கல் செல்லாது; அந்தப் பிழையைத் தானே சொல்வதுதான் இந்த ஆட்டத்தின் அறம். கல் போயிற்று, ஆட்டமும் போயிற்று. வென்றவர் தோற்றவருக்கு ஒரு கோப்பை வாங்கித் தரும் வழக்கப்படி, மாக்லோ தலைவர் வெண்டெல் க்ரோஸ் உங்களுக்கு விஸ்கி வாங்கித் தந்தார். நம்மூர்க்காரர் ஒருவர்கூட அந்த மேசைக்கு வரவில்லை.

இரவல் கற்கள் திரும்பிப் போயின; அதன்பின் மூன்று குளிர்காலம் ஜாம் டப்பாக்களில் சிமெண்ட் ஊற்றி, அவற்றையே கற்களாகத் தள்ளினோம். அவற்றுக்கு "டொரீன் டப்பா" என்று பேர் வைத்தோம். உங்கள் காதுபடவே சொல்லிச் சிரித்தோம். நீங்களோ விடியுமுன் வந்து, அந்த டப்பாக்களுக்கும் பளிங்குத்தளமே போட்டுத் தந்தீர்கள். ஒரு சுடுசொல் கேட்டோமில்லை. இந்தப் பொறுமையை எந்தச் சொல்லால் பாராட்டுவோம்!

இதுவரை செயற்குழு எழுதியது. இனி வருவது, தலைவனாகிய மெர்வின் நான் இன்று காலை சேர்த்துக்கொண்டது. குழுவினருக்கும் தெரியாது.

டொரீன், அன்று பட்டது என் துடைப்பம். கைப்பிடிவரை அதிர்ந்ததை உணர்ந்தேன். வாய் திறக்குமுன் நீங்கள் கையை உயர்த்திவிட்டீர்கள்; நான் கூட்டத்தோடு சேர்ந்து உங்களை முறைத்தேன். டப்பாவுக்குப் பேர் வைத்தவனும் நானே. உங்கள் துடைப்பம் என்றே நம்பினீர்களா, என்னுடையது என்று தெரிந்தே கையை உயர்த்தினீர்களா என்று நாற்பத்தோர் ஆண்டாகக் கேட்கத் துணிவில்லை. வெட்கமாக இருக்கிறது. இம்மடலைச் சட்டமிட்டு இந்தச் சுவரிலேயே மாட்டுவார்கள். மாட்டட்டும், வருகிறவர் எல்லாம் படிக்கட்டும்.

முழங்கால் வலி தீர்ந்து, மூச்சு நிறைந்து, உருகாத பனிபோல் உறுதியோடு நீங்கள் நெடுங்காலம் வாழ்க! வழக்கப்படி வென்றவர்தான் தோற்றவனுக்கு வாங்கித் தர வேண்டும். படித்து முடித்ததும் உங்கள் மேசைக்கு வருகிறேன், டொரீன். எனக்கு ஒரு கோப்பை வாங்கித் தருவீர்களா?

இவண்,
ஹார்ட்வெல் கர்லிங் கழகத்தார்
அவர்களோடு, அன்று உங்கள் பக்கத்தில் துடைத்த மெர்வின் புடோவ்ஸ்கி