இரவல் கங்கு

— நேத்து பூனைன்னு சொன்னீங்க.

— நேத்து பூனைதான் அம்மணி. அடுப்புக்குள்ள குதிச்சு வாலை ஒரு சுழட்டு சுழட்டிச்சு பாருங்க, மொத்த நெருப்பும் அணைஞ்சு போச்சு.

— பூனைக்கு ஒண்ணும் ஆகலையாக்கும்?

— மீசை லேசா சுருண்டுடுச்சு. முன்னைவிட இப்பத்தான் களையா இருக்கு.

— முந்தாநாள் அடுப்புல குருவி கூடு கட்டிச்சு. அதுக்கு முந்தின நாள் பூமி அதிர்ந்துச்சு. இந்தத் தர்மிதப் பட்டணத்துல வேற யார் வீட்லயும் அதிராத பூமி, மிஹ்ரமான், உங்க வீட்டு அடுப்படியில மட்டும் அதிர்ந்துச்சு. இன்னிக்கு என்ன, ஒட்டகக்காரரே?

— இன்னிக்குக் காத்து. குறைச்சுத்தான் சொல்றேன், வக்ஷு ஆத்துலேர்ந்து கிளம்பின காத்து ஒரு படகையே தூக்கிட்டு வந்து என் வாசல்ல இறக்கி வச்சுட்டு, அப்புறம்தான் அடுப்பை அணைச்சுது.

— படகு எங்க?

— திரும்பிப் போகும்போது அதுவே எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. யார் பொருளுக்கும் ஆசைப்படாத காத்து.

— நாலு வருஷம்! சாயங்காலம் ஆனா போதும், மண்சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து, "நானாயா அம்மணி, ஒரு கங்கு, ஒரே ஒரு கங்கு." நெருப்பைக் கும்பிடற குடும்பம் உங்களது. அடுப்பு நெருப்பு அணைஞ்சா உங்க ஆளுங்களுக்கு வீட்ல எழவு விழுந்த மாதிரி. தினம் ஒரு எழவு! உங்க கோயில் பூசாரி காதுல விழுந்தா என்ன ஆகும்?

— அவருக்குக் காது மந்தம். நான் கும்பிட்ட சாமி கைவிடல.

— சட்டியை அங்கயே வைங்க. உள்ள வராதீங்க, கால் வைக்க இடமில்ல. எங்க பார்த்தாலும் மூட்டை.

— மூட்டையா? நான் கவனிக்கவே இல்லை.

— காலையிலேர்ந்து ஒன்பது தடவை இந்த வாசலைத் தாண்டிப் போயிட்டீங்க. கவனிக்கலையா?

— அம்மா! கோவேறு கழுதை ரெண்டும் வாசல்ல நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணும். அக்கரையில கூட்டம் காத்துக்கிட்டிருக்கு.

— இதோப்பா தியோதர். அந்தப் பெரிய மூட்டையை முதல்ல ஏத்து. பார்த்துத் தூக்கு, உள்ள புத்தர் இருக்கார்.

— யாரும்மா இருக்கா?

— சிலைப்பா. ஒரு சாண் உயரம். கவுத்துடாத.

— யார் இந்தக் கழுதைக்காரன்? மூக்கைப் பார்த்தா யவனன் கணக்கா இருக்கு.

— பாட்டனுக்குப் பாட்டன் யவனனாம். ராஜ்ஜியம் எப்பவோ போச்சு. மூக்கு மட்டும் தங்கிடுச்சு.

— நம்பாதீங்க அம்மணி. அது அவன் மூக்கே இல்லை. நீங்க போகப்போற மலை இருக்கே, அந்தக் கணவாய்க் குளிர்ல மூக்கு உதிரும். வழி நெடுகக் கிடக்கும். வர்றவன் போறவன் பொறுக்கி, பொருந்தறதை மாட்டிக்குவான். இவனுக்குக் கொஞ்சம் பெரிசாக் கிடைச்சிருக்கு.

— நாப்பது வருஷம் அந்த மலையை ஏறி இறங்கினவர் நீங்க. உங்க மூக்கு?

— இது மூணாவது.

— என்னைப் பயமுறுத்தறீங்களா?

— சேச்சே. அக்கம்பக்கத்துல இருக்கறவன், எடுத்துச் சொல்ல வேண்டியது கடமை. மலைக்கரடி வேற உண்டு. குறைச்சுத்தான் சொல்றேன், ஒண்ணொண்ணும் நம்ம ஊர்ப் புத்த மடத்து வாசக்கதவு உயரம். கிழவிங்கன்னா அதுக்கு உசிரு.

— யாரு கிழவி?

— ஐயோ, உங்களைச் சொல்லலை! உங்களைப் பார்த்தா அது திரும்பிக்கூடப் பாக்காது. அந்த மட்டுக்கும் பயமில்ல.

— மகன் ஆள் அனுப்பிட்டான், என்னைப் போகாம இருக்கச் சொல்றீங்களா? புருஷபுரத்துல நல்லா இருக்கான். "வெறும் வீட்ல தனியாக் கிடந்து என்ன பண்றே, கிளம்பி வா"ங்கறான். இன்னும் பத்து நாள்ல பனி விழுந்து மலை அடைச்சுக்கும். இதுதான் கடைசிக் கூட்டம்.

— நான் போகாதீங்கன்னு சொன்னேனா?

— சொல்லலையே.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்லை. சட்டியை நகர்த்துங்க, கங்கு எடுக்கறேன். சாம்பல் பூத்துக் கிடக்கு... ஃபூ... ஃபூ...

— வாயால ஊதாதீங்க! வாயால ஊதாதீங்க அம்மணி! எங்க பூசாரி நெருப்புகிட்டப் போகும்போது வாயைத் துணி வச்சுக் கட்டிக்குவார். மூச்சுப் படக்கூடாது.

— நாலு வருஷமா ஊதித்தான் குடுக்கறேன். உங்க சாமி கோவிச்சுக்கிட்டா?

— சாமி ஒண்ணும் சொல்லல. என் அடுப்பு மட்டும் கொஞ்சம் கர்வமா எரியுது.

— அப்படியா சங்கதி. ஏன் ஒட்டகக்காரரே, உங்க மதத்துல பொய்தானே எல்லாத்தையும்விடப் பெரிய பாவம்?

— ஆமா. கொலையை அடுத்த வீட்ல வைக்கலாம், பொய்க்குத் தெருக்கோடியில கூட இடமில்லை.

— படகு?

— அது பொய்யில்ல, நீட்டல். உள்ளதை இழுத்தா நீட்டல், இல்லாததைச் சொன்னாத்தான் பொய். காத்து அடிச்சுதா? அடிச்சுது. ஆத்துல படகு இருக்கா? இருக்கு. ரெண்டையும் நான் கொஞ்சம் சேர்த்து வச்சேன், அவ்வளவுதான். நான் நாலு ராஜ்ஜியம் பார்த்தவன் அம்மணி. மேற்கே ரோமாபுரிக்காரன், அவனுக்கு இந்தப் பக்கம் பார்த்தியன், நடுவுல நம்ம குஷாண ராஜா, கிழக்கே பட்டுக்காரச் சீனன். ஒவ்வொருத்தனும் உலகத்துக்கே நான்தான் ராஜாங்கறான். கல்லுல வெட்டி பாதையோரத்துல நட்டு வச்சிருக்கான். அவன் நாட்டை நீட்டினா சாசனம், நான் ஒரு மூக்கை நீட்டினா பொய்யா?

— அம்மா! ரெண்டாவது மூட்டையும் ஏத்தியாச்சு. புத்தர் பத்திரமா இருக்கார். கிளம்பலாமா?

— கொஞ்சம் பொறுப்பா. பக்கத்து வீட்டுக்காரர் கங்கு வாங்க வந்திருக்கார்.

— இப்பவா?

— அவருக்கு இதுதான் நேரம்... இந்தாங்க. மூணு கங்கு போட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கடைசி. நாளைக்கு யார் வீட்ல போய் நிப்பீங்க?

— குயவன் வீடு இருக்கு. அவன் சூளையில நெருப்பு ஏராளம்.

— அவன் தருவானா?

— தருவான். கதை கேட்க மாட்டான், அதுதான் குறை.

— ஒட்டகக்காரரே, போறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு வருஷத்துல நீங்க பேசின அத்தனையும் கேட்டாச்சு. நீட்டாம ஒண்ணு சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போறேன்.

— நீட்டாமலா?

— ஒரு விரக்கடைகூட நீட்டக்கூடாது.

— நீங்க போயிட்டா... இந்த வக்ஷு ஆறு வத்திடும்.

— வத்தாது.

— தெருநாய் பட்டினி கிடக்கும்.

— அது எந்த வீட்லயும் சாப்பிடும்.

— நான் பட்டினி கிடப்பேன்.

— எத்தனை நாளு?

— ஒரு வருஷம்.

— ஒட்டகக்காரரே.

— ரெண்டு நாள். சரி, ரெண்டு நாள். மூணாம் நாள் சாப்பிட்டுடுவேன். உப்பு போட்டேனா இல்லையான்னு தெரியாம சாப்பிடுவேன்.

— ம். இது உண்மை மாதிரி இருக்கு.

— இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னா நீங்க சட்டியைப் பிடுங்கிக்கிட்டு வாசலைச் சாத்திடுவீங்க.

— நானே போகப்போறேன், வாசலை எதுக்குச் சாத்தறேன்? சொல்லுங்க.

— அணையல.

— எது?

— அடுப்பு. ஒரு நாளும் அணைஞ்சதில்லை. காத்து, குருவி, பூமி, எதுவும் கிடையாது. எங்கிட்டப் பூனையே கிடையாது, நானாயா.

— தெரியும்.

— பூனை இல்லைன்னா?

— எல்லாமும்தான். சாயங்காலம் மாடியில நின்னு மடத்து ஸ்தூபியைக் கும்பிடறேன். கண்ணைத் திறந்தா உங்க வீட்டுப் புகை. அணைஞ்ச அடுப்புக்கு என்ன புகை! துவைச்சுப் போட்ட என் சேலையெல்லாம் உங்க வாசனைதான் வீசுது.

— எப்பத்திலேர்ந்து தெரியும்?

— முதல் வாரம்.

— தெரிஞ்சுமா குடுத்த?

— கேட்டீங்க, குடுத்தேன். ஏன் கேட்டீங்க?

— ஒட்டகத்தையெல்லாம் வித்துட்டு வந்து வீட்ல உக்காந்தேனா... பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம். அந்த நாலு சுவத்துக்கும் கதை சொல்லிப் பார்த்தேன், ஒண்ணு கூடச் சிரிக்கல. சாம்பல் கொட்டலாம்னு சட்டியோட வெளிய வந்தா, உன் வாசல்ல நீ நின்னுக்கிட்டிருந்த. ஏதாவது பேசணும். வாய்க்கு வந்தது, "கங்கு இருக்கா?" அவ்வளவுதான். மறுநாள் காரணம் வேணுமே. அன்னிக்கும் இதே பூனையைத்தான் கொண்டாந்தேன்.

— கொண்டுபோன கங்கெல்லாம் என்ன ஆச்சு? குப்பையில கொட்டினீங்களா?

— கொட்டறதா! நல்ல கேள்வி கேட்ட. நெருப்பைச் சாகடிக்கறவனை எங்க ஆளுங்க பக்கத்துல சேர்ப்பாங்களா? பொய் சொல்லி வாங்கினாலும் நெருப்பு நெருப்புதானே. ஒரு கங்கைக்கூட அணைய விடலை. எல்லாத்தையும் என் அடுப்புலயே சேர்த்தேன். விறகு வச்சு வளர்த்தேன், படுக்கப் போகும்போது சாம்பல் போட்டுப் போர்த்தினேன். இப்ப அதுல எது என் அப்பன் காலத்து நெருப்பு, எது உன் வீட்டு நெருப்புன்னு அந்தப் பூசாரியே வந்தாலும் பிரிக்க முடியாது. நாலு வருஷமா ரெண்டும் ஒரே அடுப்புல ஒண்ணாக் கிடக்குது. நாமதான் சுவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா கிடக்கறோம்.

— இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன். புகை பட்டுடுச்சு. சொல்லுங்க.

— செத்தப்புறம் நாங்க ஒரு பாலத்தைத் தாண்டணும். உண்மை பேசினவனுக்கு அது இந்தக் கடைத்தெரு அகலம் இருக்கும். பொய் சொன்னவன் கால் வச்சா கத்திமுனை ஆயிடும். நான் தினம் ஒரு பொய் சொன்னேன். நீட்டல் இல்லை, சுத்தமான பொய். தெரிஞ்சேதான் சொன்னேன்.

— பயமா இல்லையா?

— இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் காலையில, இன்னிக்குப் போகக்கூடாதுன்னு நினைப்பேன். பொழுது இறங்கினதும் கை சட்டியைத் தேடும்.

— நீட்டறீங்களா?

— இல்லை. நீட்ட ஒண்ணும் மிச்சமில்லை. நானாயா, போகாத.

— இதைச் சொல்றதுக்கு நாலு வருஷமா?

— நெருப்பைக் கும்பிடறவன், புத்தரைக் கும்பிடறவகிட்ட எப்படிக் கேட்கறது? தெரு என்ன சொல்லும்?

— தெரு கிடக்கட்டும், நீங்க என்ன சொல்றீங்க?

— நான் என்ன சொல்றேன்னா, இதோ என் இடுப்புப் பையைப் பாரு. எல்லாம் நம்ம ராஜா காசு. ஒரு பக்கம் அவரு மூஞ்சி. மறுபக்கம் ஒண்ணுல எங்க சூரியசாமி, ஒண்ணுல சிங்கத்து மேல உக்கார்ந்திருக்கிற நானா அம்மன், ஒண்ணுல காளையோட நிக்கற தெற்கத்திச் சாமி, ஒண்ணுல உன் புத்தர். இத்தனை சாமியும் ஒரே பையில என் இடுப்புல உரசிக்கிட்டுக் கிடக்குது. ஒரு நாள் ஒரு சத்தம் வந்ததில்லை.

— காசு சத்தம் போடாதா?

— போடும். சண்டைச் சத்தமில்ல. கூடிப் பேசற சத்தம்.

— அம்மா! படகுக்காரன் கத்தறான்! பொழுது போச்சுன்னா அவன் தள்ள மாட்டான். கடைசி மூட்டை இதுதானே, ஏத்தட்டுமா?

— வேண்டாம் தியோதர். மத்ததையும் இறக்கிடு.

— என்னம்மா சொல்றீங்க! இப்பத்தானே முடிச்சுப் போட்டேன்? உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

— "வெறும் வீட்ல தனியா இருக்கியே"ன்னு தானே ஆள் அனுப்பினான். அம்மா தனியா இல்லைன்னு சொல்லிடு.

— கூட யாருன்னு கேட்டா?

— பக்கத்து வீட்டு ஒட்டகக்காரர்னு சொல்லு. வசந்தத்துல பனி உருகினதும் ரெண்டு பேருமா வந்து பார்க்கறோம்னு சொல்லு. இவருக்குத்தான் வழி தெரியுமே.

— அம்மா, அந்த மலையில கரடி...

— உண்டு, கேட்டுக்கிட்டேன். நீ இறக்கு. புத்தரை முதல்ல இறக்கு.

— நானாயா.

— என்ன?

— எங்கயாவது உக்காரணும். குறைச்சு... இல்லை, நிஜமாவே உக்காரணும்.

— மூட்டை மேல உக்காருங்க. அது துணி மூட்டைதான்.

— நீ பொய் சொல்றதில்லைன்னு மடத்துல சத்தியம் பண்ணினவ. ஒரு சொல்லு தப்பினது கிடையாது. என்னை மாதிரிப் புளுகனை எப்படிச் சகிச்சுக்கப் போற?

— சத்தியம் பண்ணினது வாய்தானே? வாயைத் திறக்காமலும் புளுகலாம்.

— நீ என்ன புளுகின?

— கேக்க வேண்டியதைக் கேளுங்க. வந்ததிலேர்ந்து உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா? ஊரைக் காலி பண்ணிக் கிளம்பறவ வீடு. பாத்திரம் பண்டமெல்லாம் கழுதை மேல. அடுப்புல மட்டும் கங்கு கனிஞ்சு கிடக்கு.

— நீ வழிக்குக் கஞ்சி வச்சிருப்பன்னு நினைச்சேன். எப்பவும் ராச் சமையலுக்கு மூட்டற நேரம்தானே?

— என் வீட்டுக்காரர் போனதும் மடத்துல விரதம் எடுத்தேன். ஆறு வருஷமா உச்சிப்பொழுதுக்கு மேல என் வாயில ஒரு பருக்கை பட்டதில்லை. சாயங்காலம் இந்த அடுப்பை யாருக்காக மூட்டறேன்னு நினைச்சீங்க?