பேருந்தில் தோற்ற பெருஞ்சத்தம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்புஜவல்லி அம்மையார் அவர்களே, அருகில் வீற்றிருக்கும் சான்றோர்களே, சூளைச் சூடு ஆறுமுன் நேரே வந்து அமர்ந்திருக்கும் பீங்கான் தொழிலாளத் தோழர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பாட்டுமாய் வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பூங்கோதை பாடுவதற்கு முன் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் சத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். காலமெல்லாம் வகுப்பறையில் ‘சத்தம் போடாதே’ என்று சத்தம் போட்டவன். அந்தத் தகுதி போதாதா?

பீங்கான் பொம்மைக்கு வண்ணம் பூசும் பூங்கோதை, கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். முதலில் முனகலாய் ஒரு தனிக்குரல்; பிறகு திடீரென்று பறை. மாசிமக மேடையில் அதைப் பாட ஆசைப்பட்டார். விழாக் குழுவினர், "பஸ்ஸுல போட்டுப் பாப்போம்மா. சனங்க கேட்டா மேடை ஒனக்குத்தான்" என்றார்கள். நம்மூரில் பாட்டுக்குத் தேர்வு மண்டபம் தனியார் பேருந்துதானே!

துபாயில் ஒலிப்பதிவு கற்றுவந்த மங்கலம்பேட்டை சஹீர்தான் பாட்டை இறுதி செய்தார். அந்தக் கடைசி வேலைக்கு லிமிட்டர் என்றொரு கருவி உண்டு. அது என்ன செய்யும்? பள்ளியில் குழுப்படம் எடுக்கிறோம். நெட்டையனைக் குனியச் சொல்கிறோம். குட்டையனைப் பலகைமேல் ஏற்றுகிறோம். அளவாய்ச் செய்தால் எல்லா முகமும் தெரியும். அளவு மீறினால்? எவன் நெட்டை, எவன் குட்டை? லிமிட்டரும் அப்படித்தான். ஒலிக்கு ஒரு கூரை போட்டு, மீறும் உச்சியை அமுக்கும். பிறகு மொத்தப் பாட்டையும் மேலே தூக்கலாம்.

"சினிமாப் பாட்டுக்குப் பக்கத்துல என்னுது சோகை புடிச்சாப்ல இருக்குது தம்பி. ஏத்துங்க" என்றார் பூங்கோதை.

"ஏத்தலாங்க்கா. பறை செத்துடும்."

"அது சாவாது. நீங்க ஏத்துங்க!"

ஏற்றினார்.

என்ன? பளபளப்புக்குப் பூசும் கிளேஸை அப்பி அப்பிப் பொம்மை மூக்கை மூடினாற்போலவா? பின்வரிசைத் தோழரே, நான் சுற்றிவளைத்ததை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்!

ஸ்ரீமுஷ்ணம் பேருந்து. நடத்துனர் அர்ச்சுனன் பாட்டுக் குறுந்தகட்டைப் போட்டார். பூங்கோதை பெண்கள் இருக்கையில், முந்தானையைக் கசக்கியபடி. முனகலே முழக்கமாய் வந்தது. "அண்ணே, கொறைங்க, காது கிழியுது!" என்றது ஒரு குரல். அர்ச்சுனன் குமிழைத் திருகிக் குறைத்தார். அடுத்து வரவேண்டிய பறை? வந்தது, வந்ததே எவருக்கும் தெரியவில்லை!

இறங்கிய பூங்கோதை நேரே மங்கலம்பேட்டை சஹீரிடம் போனார்.

"நாம ஏத்துனத அவரு எறக்கிட்டாருங்க்கா. குமிழு அவரு கையிலல்ல இருக்குது?" என்றார் சஹீர். பழைய பதிவையும், பறையின் உச்சியை மட்டும் லேசாய்த் தட்டிய புதிய பதிவையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்கச் செய்தார். சத்தம் சமமானபோது தரம் தனியே தெரிந்தது. பழையதில் எல்லாம் ஒரே மட்டச் சுவர். புதியதில் மூச்சு இருந்தது, இடைவெளி இருந்தது, பறை இருந்தது.

"இதான் நான் பாடுனது" என்றார் பூங்கோதை. "ஆனா மெதுவா இருக்குதே, தூக்கிக் கடாசிட்டா?"

மறுபடியும் அதே பேருந்து. பாட்டு மெல்லத் தொடங்கியது. அர்ச்சுனனின் கை பெட்டியை நோக்கிப் போனது. தகட்டை உருவப் போகிறாரா? ஒழிந்ததா ஆசை? அவர் குமிழைத் திருகினார், கூட்டினார்! "என்னமோ சொல்லுதுடா அந்தப் பொண்ணு, செத்த பேசாம இருங்க" என்றார். பேச்சு அடங்கியது. பிறகு விழுந்தது பறை! சன்னல் கம்பி அதிர்ந்தது. "யோவ், இன்னொரு தபா போடுய்யா!" என்றார்கள்.

கத்தியவரைக் குறைத்த அதே கை, காத்திருந்தவரைக் கூட்டியது. அதனால்தான் இன்று இந்த மேடை அவருடையது.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி கூறி வணங்குகிறேன். ஒலிபெருக்கித் தம்பி, அளவைத் தொடாதீர்கள். அவர் தாழ்ந்த குரலில்தான் தொடங்குவார். அவையோரே, நீங்கள் சற்று முன்னால் நகர்ந்து அமருங்கள். அம்மா பூங்கோதை, வாருங்கள்.