நான்காம் துளையின் சிவப்புக் கோடு

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, மேடம். எனக்கு முட்டி தேய்மானம். பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும், உங்கள் ஏட்டையாவைப் பார்த்தால் கை கொடுக்கிறவராகத் தெரியவில்லை.

பெயர் பரந்தாமன். முன்னால் 'முனைவர்' சேர்த்துக்கொள்ளுங்கள். பால் கார்டில்கூட அப்படித்தான் இருக்கிறது. வயது அறுபத்திரண்டு. காட்டுப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட். நிலவியலாளர். ஏட்டையா சற்றுமுன் "போர் போடுற ஆளா சார்?" என்று கேட்டார். அவர் மேல் கோபமில்லை. என் அபார்ட்மெண்ட்காரர்களும் பதினோரு வருஷமாக எத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்பதைத் தவிர என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

என் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்பு நம் கரையோரம் நிலம் இழுபட்டுப் பிளந்தது. பிளந்த இடம் தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது. தாழாமல் நின்ற திட்டுகளின் மேல், வெயில் பட்ட ஆழமில்லாத நீரில், சிப்பியும் பாசியும் சேர்ந்து சுண்ணாம்புக் கல் வளர்ந்தது. பெரிய பெரிய மேடைகளாக. பிறகு கடல் ஆழமாகி அந்த மேடைகள் மூழ்கின, மேலே கறுப்புக் களிமண் படிந்தது. சுண்ணாம்பு கீழே, களிமண் மேலே. இதை எந்தக் கல்லூரிப் பிள்ளையும் ஒப்பிக்கும்.

நான் ஒருவன்தான் மறுத்தேன். அரியலூர்ப் பக்கம் நாங்கள் போட்ட நான்காம் துளையில் களிமண் கீழே இருந்தது, சுண்ணாம்பு மேலே இருந்தது. அந்த மேடை மூழ்கவில்லை, ஆழத்திலிருந்து எழுந்தது என்று எழுதினேன். அதன் பேரில் எனக்குப் பதவி வந்தது, மூன்று தங்கப் பதக்கம் வந்தது, இருபத்தாறு வருஷம் சோறு வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு மலர் வெளியிடுவதாக இருந்தார்கள். மலரில் என்னைப் பற்றிய முதல் கட்டுரையை நானே எழுதி, பழைய மாணவன் ஒருவனைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வேறு யாருக்கும் அந்த விஷயம் முழுசாகத் தெரியாது, என்ன செய்ய.

துளையிலிருந்து வருவது நீளமான கல் உருளை. கோர் என்போம். அதைத் துண்டு துண்டாக மரப்பெட்டிகளில் அடுக்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகர ஷெட்டில் வைத்திருக்கிறோம். பூமியிலிருந்து எடுத்த கையோடு கல்லின் மேல் மெழுகுக் குச்சியால் இரண்டு கோடு போட்டுவிடுவார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கல்லை நேராக நிறுத்தினால் சிவப்பு வலது கைப்பக்கம் இருக்கும். இடது பக்கம் இருந்தால் கல் தலைகீழ். அவ்வளவுதான் விஷயம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம்.

சம்பத் அந்த ஷெட்டின் காவலன், கூலி, எல்லாம். எஸ்டேட் வருவதற்கு முன் அந்த நிலத்தில் அவன் தாத்தா நெல் போட்டாராம். அந்த உரிமையில் எங்கள் ஷெட்டையும் தன் சொத்தாகவே பாவித்தான். தொண்ணூற்றெட்டில் நான்காம் துளையின் பெட்டிகள் லாரியில் வந்த நாள் நல்ல மழை. நான் நனைந்துகொண்டே எண் சொன்னேன், அவன் இறக்கினான். கடைசி மூன்று பெட்டியைத் திறந்து பார்த்தவன் நின்றுவிட்டான்.

"சார், செவப்பு கோடு எடது கைப்பக்கமா வர்து. கல்ல திருப்பி அடுக்கட்டா?"

"நீ தூக்கு. படிக்கிறவன் நான்."

"சரி சார். கல்லு உங்குளுது."

இருபத்தாறு வருஷம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனுக்கு மறந்துவிட்டது என்றே நினைத்தேன். எனக்கும் மறந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

போன வாரம் மோகனப்பிரியா வந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண், அப்பா டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். ஆராய்ச்சி மாணவி. நான்காம் துளையின் கல்லில் ஆய்வுக்குப் புதிதாகத் துணுக்கு வெட்ட அனுமதிக் கடிதம் வைத்திருந்தாள். டீ குடிக்கும்போது என் எதிரிலேயே சம்பத்திடம், "அண்ணா, இந்தப் பெட்டியெல்லாம் நீங்க இறக்கினதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான் எறக்கனேன். கடசி மூணு பொட்டி மட்டும் தலகீயா கீது. அன்னிக்கே சொன்னேன். சாரு அப்பிடியே படிச்சிகினாரு. இன்னா சார், ஞாபகம் கீதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அவள் சிரிக்கவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் சார், அந்த மூன்று பெட்டியையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

கோபம் இல்லை, மேடம். யோசித்தேன். ஒரு விஞ்ஞான முடிவை, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டாவது படித்த ஒருவன் தள்ளிவிடுவது முறையல்ல. பெட்டிகள் விழுந்து கல் நொறுங்கிக் கலைந்துபோனால் எது மேல், எது கீழ் என்று யாரும் சொல்ல முடியாது. என் எண்ணம் கல்லைப் பற்றியது மட்டும்தான்.

சனிக்கிழமை எஸ்டேட்டில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள், பக்கத்துப் பட்டறைகளில் ஆள் இல்லை. சம்பத் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அந்த மூன்று பெட்டியும் இருந்த ஏழாம் எண் ரேக்கைச் சுவரோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டையும் கழற்றினேன். எட்டு அடுக்கு இரும்பு ரேக், ஒரு பெட்டி நாற்பது கிலோ. எனக்கு ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஒரு ரேக் தானாக விழுந்தால் கேள்வி வரும். ஆள் ஏறும்போது விழுந்தால் கேள்வி வராது. இது உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை பதினொன்றேகாலுக்கு அவனை ஏணியில் ஏறச் சொன்னேன். மேல் அடுக்கிலிருக்கும் பெட்டிகளை முன்னால் இழுத்துத் தரச் சொன்னேன்.

"சார், ஏணிய புட்சிக்கோ சார். ஆடுது."

பிடித்துக்கொண்டேன். நான் தள்ளவில்லை. முதல் பெட்டி பாதி வெளியே வந்தது, ரேக் முன்னால் குனிந்தது. அப்போது கையை எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். முட்டிவலிக்காரன் அவ்வளவு வேகமாக நகர்வேன் என்று எனக்கே தெரியாது.

தூசி அடங்க நேரம் பிடித்தது. பக்கத்து லேத் பட்டறையிலிருந்து பூங்காவனம் வந்து ஷட்டரைத் தட்டினார், "இன்னா சார் சத்தம்?" என்றார். பெட்டி இறக்குகிறோம் என்றேன். அவர் உங்களிடம் சொன்ன நேரம் சரிதான். பதினொன்று இருபது.

அப்புறம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. கல் நான் நினைத்த அளவு கலையவில்லை. அந்த மூன்று பெட்டியின் துண்டுகள் ஒரே குவியலாகக் கிடந்தன, கோடுகளோடு. வேறு வழியில்லாமல் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பிளேடால் பழைய கோட்டைச் சுரண்டினேன். கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு, சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு. பதினான்கு துண்டு. நிதானமான வேலை.

ஆமாம், உயிரோடுதான் இருந்தான். பேசிக்கொண்டுதான் இருந்தான்.

"சார்... காலு வர்ல சார்."

"இரு."

"வடிவுக்கு ஒரு போன் போட்டு குடு சார். எதுனா சொல்லணும்."

வடிவு அவன் மனைவி. இரு, வருகிறேன் என்றேன். மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. கடைசித் துண்டில் கோடு போட்டு முடித்தபோது வெளியே மோகனப்பிரியாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. உடனே நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம். ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். அது அவர் துறை.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஆம்புலன்ஸ் போகும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து கல்லைப் பார்த்தாள். விழுந்ததில் புதிதாக உடைந்த பரப்புகளிலும் மெழுகு பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு துண்டில் சிவப்புக் கோடு ரத்தத்தின் மேலே ஓடியிருந்தது. உடைந்த பிறகு, ரத்தம் பட்ட பிறகு போட்ட கோடு. எது முதலில், எது அதற்கு மேல் என்று அடுக்கைப் படிப்பதுதான் எங்கள் பாடத்தின் முதல் பக்கம். என் மாணவியாக இருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன்.

ஆக, போல்ட்டைக் கழற்றியது நான். ஏற்றியது நான். முப்பத்தொன்பது நிமிடம் போன் செய்யாமல் இருந்ததும் நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் சேர்த்து எழுதத்தான் வேண்டும், மேடம். அந்த முப்பத்தொன்பது நிமிடமும் அவன் என் எதிரில் கிடந்து, நான் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் கேட்டான், வடிவைக் கேட்டான். கல் தலைகீழ் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடைசியில் என் முடிவை அவனும் ஏற்றுக்கொண்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.